குண்டு கையில் இருப்பவர் பேசலாம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் அணியின் கோல்கீப்பர் லமீஸுக்குப் பின்னால், வலையை ஒட்டினாற்போல அவனுடைய வாப்பா ஆரிப் நின்றுகொண்டிருப்பான். முழுப் பெயர் முஹம்மது ஆரிப். புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் பை, சூட்கேஸ் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை என்றால் சண்டே மார்க்கெட். அந்தப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வியாபாரம் பொங்குகிற நாள். அந்த நாளில் கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு, மகன் ஆடுவதைப் பார்க்க முதல் ஆளாக மைதானத்துக்கு வந்துவிடுவான். இப்படிப்பட்ட தகப்பனைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் ஆட்டம் தொடங்கியதும் அவன் வாயும் தொடங்கிவிடும்.

“லமீஸ், முன்னாடி வா! அவ்ளோ வராத, பின்னாடி போ! லெப்ட்டுல ஒருத்தன் சும்மா நிக்கறான் பாரு. லமீஸ்! லமீஸ்!”

பையன் திரும்பிப் பார்ப்பான்.

“டேய், என்னை ஏன்டா பாக்குற? பந்தைப் பாரு!”

அதற்குள் பந்து உள்ளே போயிருக்கும்.

என் பெயர் அன்பழகன். வார நாட்களில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பழைய மில் மைதானத்தில் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பையன்களுக்குக் கால்பந்துப் பயிற்சியாளர். மில் மூடி வெகுகாலம் ஆயிற்று. புகைபோக்கியின் உச்சியில் ஓர் ஆலங்கன்று முளைத்து, இப்போது பறவைகள் வந்து உட்காரும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. மைதானம் மட்டும் மதிலுக்கு இந்தப் பக்கம் தப்பிக் கிடக்கிறது. நானும் ஆரிப்பும் சின்ன வயதில் ஆடியதும் இதே இடத்தில்தான். அவன் கோல்கீப்பர், நான் அவனுக்கு முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிடுவோம். என் அப்பாவும் மற்ற மில் தொழிலாளிகளும் சைக்கிளில் மைதானத்தின் குறுக்கே வீட்டுக்குப் போவார்கள். பஞ்சுத் தூசி ஒட்டிய தலைகள், ஹாண்டிலில் ஆடும் டிபன் கேரியர்கள். யாராவது ஒருவர் போகிற போக்கில், சீட்டிலிருந்து இறங்காமலே, பந்தை ஓர் உதை விட்டுவிட்டுப் போவார். அவர்கள் எல்லோரும் கடந்து முடித்த பிறகுதான் ஆட்டம் தொடரும்.

இதை ஒருமுறை பயிற்சியின்போது பையன்களிடம் சொன்னேன். லமீஸ் யோசித்துவிட்டு, “கோச், அப்போ சைக்கிள்ல வந்தவங்களுக்கு ஆப்சைடு உண்டா?” என்று கேட்டான். அப்படிப்பட்ட பையன் அவன்.

பயிற்சி நாட்களில் லமீஸைப் பார்க்க வேண்டும். அப்போது ஆரிப் கடையில் இருப்பான். காற்றில் எது பறந்தாலும் லமீஸ் பிடித்துவிடுவான். பந்து மட்டுமில்லை, தண்ணீர் பாட்டில், யாரோ தூக்கிப் போட்ட செருப்பு, ஒருநாள் என் ஸ்கூட்டர் சாவி. கைகள் தாமாகவே போகும். அதே கைகள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மரக்கட்டை ஆகிவிடும்.

ஒருநாள் மதியம் அலுவலகத்தில் இருந்தபோது ஆரிப்பின் மனைவி கனீஸ் பாத்திமா போன் செய்தாள்.

“அண்ணே, ஞாயித்துக்கெழமை விடிஞ்சா இவனுக்கு வயிறு வலிக்குது.”

“டாக்டர்கிட்ட காட்டினீங்களாம்மா?”

“கதிர்காமம் ஆஸ்பத்திரியில காட்டிட்டேன். ஒண்ணுமே இல்லேங்கறாங்க. ஸ்கூலுக்குப் பயந்து வர்ற வயித்துவலின்னா திங்கக்கெழமைதானேண்ணே வரணும்? திங்கக்கெழமை ரெண்டு தோசை சேத்துத் தின்னுட்டுப் போறான்.” குரலைத் தாழ்த்தினாள். “இனிமே மேட்சுக்கு வரமாட்டேன்னு சொல்றான். அவங்க வாப்பாகிட்ட சொல்ல பயந்துகினு என்கிட்ட சொல்றான்.”

“நீங்க ஆரிப்கிட்ட பேசிப் பாத்தீங்களா?”

“பேசினேனே. ‘நீ பந்தையே தொட்டதில்ல, உனக்கு இன்னா தெரியும்’னாரு. நீங்க கூட விளையாடினவரு. நீங்க சொன்னா கேப்பாரு.”

சொல்லிவிடலாம்தான். எப்படிச் சொல்வது? ‘உன் பிள்ளை நன்றாக ஆடுகிறான், நீதான் சரியில்லை’ என்று எந்தத் தகப்பனிடம் சொல்ல முடியும்? அதிலும் ஆரிப் ரோஷக்காரன். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னதற்காக மூத்த மகளை நடு வருடத்தில் வேறு பள்ளிக்கு மாற்றியவன். என் மேல் கோபம் வந்தால் பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவான். பிறகு லமீஸுக்குப் பந்தும் இல்லை, எனக்குச் சிநேகிதனும் இல்லை.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அலுவலகத்தில் எழுதுகிற மாதிரி ஒன்றை எழுதி, பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

‘மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம். பொருள்: ஆட்டத்தின்போது அமைதி காத்தல் தொடர்பாக. ஆட்டம் நடைபெறுகையில் ஒருசிலர் கோல் கம்பத்தின் அருகில் நின்று வீரர்களுக்கு யோசனை கூறுவது, அவர்களது கவனத்தைச் சிதறச் செய்வதாக அறிய வருகிறது. எனவே, அனைவரும் ஒத்துழைப்பு நல்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

‘ஒருசிலர்’ என்ற சொல்லை நெடுநேரம் யோசித்துப் போட்டேன். யார் மனமும் நோகாது, படவேண்டியவருக்குப் படும் என்பது என் கணக்கு.

முதலில் வந்தது கலைவாணியின் குரல் பதிவு. எங்கள் விங்கர் பையனின் அம்மா, ஜவுளிக்கடையில் வேலை. “சாரி கோச். போன வாரம் ரெப்ரீயைக் கண்ணு தெரியலையான்னு கேட்டது நான்தான். ஆனா அவருக்கு நெஜமாவே தெரியல.” அடுத்து ஒரு அப்பா, தாம் பிஸ்கட் பாக்கெட் பிரித்ததால்தான் கவனம் சிதறியதோ என்று வருந்தினார். ஆட்டத்தை ஒருநாளும் பார்க்க வராத ஒரு தாத்தாகூட மன்னிப்புக் கேட்டார்.

கடைசியாக ஆரிப். ‘சூப்பர் அன்பு. ரொம்ப நாளா நானே சொல்லணும்னு இருந்தேன். சில பேரண்ட்ஸ் ரொம்ப ஓவர். ஞாயித்துக்கெழமை நான் பாத்துக்கறேன்.’ பக்கத்தில் கட்டைவிரல் உயர்த்திய படம் வேறு.

கனீஸ் பாத்திமா, “கோச் பேசிட்டாரு, இனிமே பயமில்ல, போ” என்று சொல்லி லமீஸை அனுப்பிவைத்திருக்கிறாள். பையனும் நம்பி வந்தான். அவனுக்குப் பின்னால் ஆரிப் நின்றான், கழுத்தில் ஒரு விசிலோடு. கடையில் பை வாங்கினால் இலவசமாகக் கொடுக்கிற பிளாஸ்டிக் விசில்.

“யாரும் சத்தம் போடக் கூடாது! கோச் சொல்லியிருக்காரு இல்ல! யம்மா கலைவாணி, வாயை மூடுங்க! ப்ளேயருக்கு டிஸ்டர்ப் ஆவுது! லமீஸ், நீ ஆடு, நீ ஆடு, நான் பாத்துக்கறேன். முன்னாடி வா!”

மூன்று கோல் வாங்கினோம். மூன்றாவது, லமீஸின் கைக்குள் வந்து வெளியே நழுவி உருண்டது. ஆட்டம் முடிந்ததும் அவன் என்னிடம் வந்து, கையுறைகளைக் கழற்றி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நீட்டினான்.

“வேற யாருக்காவது குடுத்துடுங்க கோச்.”

“அடுத்த வாரம் தவளக்குப்பம் டீமோட அரையிறுதிடா.”

“தெரியும் கோச்.” அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கையுறைகளை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் கலைவாணி தன் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“கோச், தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லாருக்கும் போட்ட லெட்டரு யாருக்கும் போய்ச் சேராது. சொல்லவேண்டிய ஆளைக் கூப்ட்டு ஒக்கார வச்சு சொல்லுங்க.”

“ஒக்கார வச்சா சண்டைதான்மா வரும். எதிரெதிரே ஒக்காந்தா அவன் என் மூஞ்சியைப் பாப்பான், நான் அவன் மூஞ்சியைப் பாப்பேன்.”

“அப்போ ஒக்காராதீங்க” என்றாள் அவள், ஏதோ புடவை மடிக்கச் சொல்வதுபோல, லேசாக.

அப்போதுதான் எனக்கு முசியே நினைவுக்கு வந்தார்.

முசியே கலியமூர்த்தி எங்கள் காலத்துப் பயிற்சியாளர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘முசியே’, அதாவது ஐயா. பென்ஷன் பிரான்சிலிருந்து வரும். கோபம் வந்தால் வசவும் அந்த மொழியிலேயே வரும். அர்த்தம் தெரியாததால் எங்களுக்கு வலிக்காது. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்ட நாளில் எந்தப் பெற்றோரும் அவரிடம் பிள்ளையைப் பற்றிப் பேசக் கூடாது. கேட்டால் தலையை ஆட்டி, “லண்டி, லண்டி” என்பார். திங்கட்கிழமை என்று அர்த்தம்.

திங்கட்கிழமை எங்களுக்குப் பயிற்சி கிடையாது. பிள்ளைகள் யாரும் மைதானத்துப் பக்கமே தலைகாட்டக் கூடாது. அன்று மாலை, மைதானத்தின் ஓரத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் இருக்கும் சரளை மண் களத்தில் முசியே பெத்தாங்க் ஆடுவார். தூரத்தில் ஒரு சின்ன மரக்குண்டைப் போட்டுவிட்டு, இரும்புக் குண்டுகளை அதன் பக்கத்தில் போய் நிற்குமாறு வீசுகிற ஆட்டம், புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. குறை சொல்ல வருகிற அப்பாவின் கையில் மூன்று குண்டுகளைக் கொடுத்துவிடுவார். “குண்டு கையில இருக்கறவன் பேசலாம். விட்டுட்டா வாயை மூடணும்.” இது ஒன்றுதான் சட்டம். ஒருவர் பேசிவிட்டு வீசுவார். அடுத்தவர் பதில் சொல்லிவிட்டு வீசுவார். இருவர் கண்ணும் அந்த மரக்குண்டின் மேலேயே இருக்கும்.

என் அப்பா தெய்வசிகாமணி மில்லில் பிட்டர். திங்கட்கிழமை தவறாமல் போவார். எங்கள் வீட்டில் அன்றைய ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதுதான் கதை. யார் குண்டு எங்கே போனது, யார் கோபமாக வந்து சிரித்துக்கொண்டு போனார், மொய்னுதீன் பாயின் குண்டு இந்த வாரமும் சாக்கடையில் விழுந்ததா இல்லையா என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மொய்னுதீன் பாய் ஆரிப்பின் வாப்பா. என்னைப் பற்றி என்ன பேசினார் என்று மட்டும் அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் அவர் என்னைப் பார்க்கிற பார்வையில் ஏதோ மாறியிருக்கும். போன வாரம் வரை திட்டிக்கொண்டிருந்த விஷயத்தைத் திட்டமாட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆரிப்புக்குப் போன் செய்தேன்.

“சாயந்திரம் பெத்தாங்க் ஆட வரியா?”

“இன்னாடா திடீர்னு? எனக்கு ஆடத் தெரியாதே.”

“எனக்கு மட்டும் தெரியுமா?”

வந்தான். தூங்குமூஞ்சி மரம் இன்னும் இருக்கிறது. களத்தில் ஓய்வுபெற்றவர்கள் சிலர் இப்போதும் ஆடுகிறார்கள். அவர்களிடம் ஆறு குண்டுகள் இரவல் வாங்கினேன். “காலு மேல போட்டுக்காதீங்க தம்பி” என்று சொல்லிக் கொடுத்தார் ஒருவர். மரக்குண்டைத் தூரத்தில் எறிந்துவிட்டு, முசியேயின் சட்டத்தை ஆரிப்பிடம் சொன்னேன்.

“குண்டு கையில இருக்கறவன் பேசலாமா? அப்போ நான் விடவே மாட்டேனே!” என்று சிரித்தான். உள்ளங்கையில் குண்டை உருட்டிப் பார்த்தான். “இன்னா கனம் கனக்குது. சரி, சொல்றேன். உன் டிபென்ஸ் சரியில்ல அன்பு. எம்புள்ளைய நட்டநடுவுல தனியா வுட்டுட்டு எல்லாரும் மேல ஓடிப்போயிடறானுங்க.” வீசினான். குண்டு மரக்குண்டைத் தாண்டி எங்கேயோ போனது.

“டிபென்ஸ் சரியில்லதான். ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் ஆரிப். லமீஸ் மாதிரி கை வாய்ச்ச கீப்பர் இந்த மைதானத்துல இருந்ததில்ல. உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்.” நானும் வீசினேன்.

அவன் முகம் மலர்ந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆனால் அடுத்த குண்டை எடுத்ததும் அது சுருங்கிவிட்டது. “அப்புறம் எப்படி மூணு கோலு?” கோபத்தோடு விட்டெறிந்தான். மரத்தின் வேரில் பட்டுத் தெறித்தது. பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என் முறை. குண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“ஞாயித்துக்கெழமை காலையில அவனுக்கு வயிறு வலிக்குது. மத்த நாள்ல வலிக்கல. நீ கடையில இருக்கற நாள்ல அவன் காத்துல போற ஈயைக்கூடப் புடிக்கறான். நீ பின்னாடி நிக்கற நாள்ல, பந்து வரும்போது உன் கொரலு எங்கேருந்து வருதுன்னு பாக்கறான். நான் குரூப்ல எழுதினது உனக்குத்தான்டா. நேத்து கையுறைய என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டான். இனிமே வரமாட்டானாம். வண்டிப் பொட்டியில இருக்கு, வேணும்னா பாரு.”

ஆரிப் வாயைத் திறந்தான். என் கையில் குண்டு இருந்தது. அதைப் பார்த்தான். தாடை ஒருமுறை அசைந்து மூடிக்கொண்டது. தூரத்தில் கிடந்த மரக்குண்டையே வெறித்துப் பார்த்தான். அந்தக் குண்டு மட்டும் இல்லையென்றால் எங்கள் சிநேகம் அந்த நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் அவசரப்படாமல் வீசினேன். எங்கே விழுந்தது என்று இப்போது நினைவில்லை.

அவன் கடைசிக் குண்டை எடுத்தான். அதை உள்ளங்கையில் உருட்டினான்.

“எங்க வாப்பா மொத மேட்சுக்கு வந்ததோட சரி, அப்புறம் ஒருநாளாவது வந்தாரா சொல்லு” என்றான் கடைசியில். “உங்கப்பா வருவாரு. எல்லாப் பசங்க அப்பாவும் ஓரத்துல நிப்பாங்க. எனக்குப் பின்னாடி வெறும் வலைதான். கேட்டா சண்டே மார்க்கெட், யாவாரம். எத்தினி வருஷம்! எம்புள்ள திரும்பிப் பாத்தா அங்க ஆளு இருக்கணும். அதுக்குத்தான்டா கடைய வுட்டுட்டு ஓடியாறேன்.” குண்டைக் கையிலிருந்து நழுவவிட்டதுபோலப் போட்டான். அது பக்கத்திலேயே நின்றுவிட்டது.

நான் அவனையே பார்த்தேன். முதல் தடவையாக, மரக்குண்டைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தேன்.

“டேய், மொய்னுதீன் பாய் வருவாரேடா.”

“எங்க?”

“இங்கதான். திங்கக்கெழமை. நீ நிக்கற எடத்துல.”

“எங்க வாப்பாவா? பெத்தாங்க்கா?”

“ஆடவா வந்தாரு! அவரு போட்ட குண்டெல்லாம் சாக்கடையிலதான் கெடக்கும், எங்கப்பா தேடி எடுத்துக் குடுப்பாரு.”

என் கையில் ஒரு குண்டு மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, அப்பா சொன்னதை எல்லாம் சொன்னேன். ஆரிப்பின் முதல் ஆட்டத்துக்கு மொய்னுதீன் பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கோலுக்குப் பின்னால் நின்றார். ஆரிப் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பந்து காலிடுக்கில் போனது.

“அது ஞாபகம் இருக்குது” என்றான் சட்டத்தை மறந்து. “ஒரு வாரம் மைதானத்துக்கே வரல நான்.”

“அந்தத் திங்கக்கெழமை உங்க வாப்பா இங்க வந்து, எம்மவனுக்கு இன்னா ஆச்சுன்னு கேட்டிருக்காரு. முசியே சொன்னாராம், ‘பந்தைப் புடிச்சாலும் வுட்டாலும் அவன் மொதல்ல உங்க மூஞ்சியைத்தான் பாக்கறான் பாய். கொஞ்ச நாளு போவட்டும், அப்புறம் வாங்க’ன்னு. கொஞ்ச நாளு கழிச்சும் அவரு வரல. ‘நான் வந்து அவன் கை நடுங்கறதுக்கு, வராமலே இருந்துடறேன்’னுட்டாராம். ஆனா திங்கக்கெழமை தப்ப மாட்டாரு. எத்தினி பந்து புடிச்சான், கீழ விழுந்தானா, முட்டி தேஞ்சுதான்னு கேட்டுகினு போவாரு. உனக்குத் தெரியும்னுதான்டா நான் நெனச்சேன். எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.”

குண்டை வீசாமல் கீழே வைத்தேன்.

மொய்னுதீன் பாய் மவுத்தாகிப் பல வருடம் ஆகிறது. கேட்பதற்கு ஆள் இல்லை. முசியேயும் இல்லை, அப்பாவும் இல்லை. மில்லின் பக்கமிருந்து பறவைகள் ஒரே கூச்சல். ஆரிப் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“செவ்வாக்கெழமை காலையில” என்றான், “எந்திரிச்சா தலைமாட்டுல முட்டிக்குப் போடற மருந்து இருக்கும். ஞாயித்துக்கெழமை அடிபட்டா செவ்வாக்கெழமை மருந்து. உம்மா மறந்து மறந்து வைக்கறாங்கன்னு நெனச்சேன்.” மூக்கை உறிஞ்சினான். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அந்த மனுஷன்.”

என் கையில் குண்டு இல்லை.

“இப்போ நானும் வரக் கூடாதுங்கற. அதானே?”

“அப்படி நான் சொல்லலடா.”

“நான் வரலேன்னா லமீஸும் என்னை மாதிரிதான் நெனப்பான். நாப்பது வயசுல ஒரு நாளு எவனாவது சிநேகிதன் கூப்ட்டு மரத்தடியில நிக்க வச்சு சொல்லுவான்.” சிரிக்க முயன்றான். பிறகு களத்தின் கோடியில் கிடந்த மரக்குண்டைக் கை நீட்டிக் காட்டினான். “அன்பு, இங்கேருந்து அந்தக் குண்டு தெரியுதில்ல?”

“தெரியுது.”

“நாம பேசறது அங்க கேக்குமா?”

“கேக்காது.”

“அப்போ எதிர் கோலுக்குப் பின்னாடி நிக்கறேன். அவன் நிமிந்தா நான் தெரிவேன். என் கொரலு கேக்காது.”

ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து கையுறைகளை எடுத்துக்கொண்டு போனான். குண்டுகளைப் பொறுக்கிக் கொடுக்கப் போனபோது ஒன்று குறைந்தது. வேரில் பட்டுத் தெறித்த அது எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. நேராகச் சாக்கடைக்குப் போய் எடுத்து வந்தேன்.

மறுநாள் கனீஸ் பாத்திமா போன் செய்தாள். “அண்ணே, நேத்து வந்து இவன் பக்கத்துல கையுறைய வச்சாரு. ‘இந்த வாரம் நான் எதிர் கோலுக்குப் பின்னாடி நிப்பேன். வேணும்னா பாரு, வேணாம்னா பாக்காத’ன்னாரு. இவன் ‘கத்துவீங்களா வாப்பா’ன்னு கேட்டான். ‘கத்துவேன், உனக்குக் கேக்காது’ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அப்புறம் இன்னாவோ, தேங்கா எண்ணெய் எடுத்து அவன் முட்டியில தேய்க்கறாரு. அடியே படலியேண்ணே!”

அரையிறுதி எங்கள் மைதானத்தில். தவளக்குப்பம் பையன்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் சிலம்பரசன் ஒல்லியாக, பயந்த முகத்தோடு இருந்தான். லமீஸ் வந்தான். வயிறு எப்படி என்று நான் கேட்கவில்லை. அவனாகவே, “ரெண்டு தோசை கோச்” என்றான்.

ஆரிப் சொன்னபடியே எதிர்க் கோடிக்குப் போனான். விசில் இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிலம்பரசனுக்குப் பின்னால், வலையை ஒட்டி நின்றான். லமீஸ் நிமிர்ந்து பார்த்தான். நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு நீலச் சட்டை. அது கையை உயர்த்தியது.

கொஞ்சநேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு கலைவாணியின் மகன் வலது ஓரமாகப் பந்தோடு ஓடினான். அவனுக்கு முன்னால் சிலம்பரசன் மட்டும்தான். சிலம்பரசன் கோட்டின் மேலேயே வேர்விட்டதுபோல நின்றான்.

“தம்பி, முன்னாடி வா!”

சிலம்பரசன் திடுக்கிட்டு முன்னால் பாய்ந்தான். பந்து அவன் வயிற்றில் வந்து அடங்கியது.

“பாய்!” கலைவாணி எழுந்தே விட்டாள். “நீங்க எந்த டீமு பாய்?”

“நான் இன்னாம்மா பண்றது! பாவம், அந்தப் புள்ளைக்கு யாருமே சொல்லித்தர மாட்டேங்கறாங்க!”

“எம்மவன் கோலைக் கெடுத்துட்டு பாவமாம்!”

“சரி சரி, இனிமே பேசல.”

பேசினான். “கோணத்தை மூடு தம்பி. கைய அகட்டு. ஆங், அப்படித்தான்.” சிலம்பரசன் இன்னும் இரண்டு பந்துகளைப் பிடித்தான். அவன் முகத்தில் பயம் போய்விட்டது. தவளக்குப்பம் பயிற்சியாளர் என் பக்கத்தில் வந்து, “சார், அந்த அண்ணன் உங்க ஊருதானே? சம்பளம் எவ்ளோ கேப்பாரு?” என்றார்.

லமீஸுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கோடியில் வாப்பாவின் கைகள் ஆடுவதும், கலைவாணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சண்டைக்கு நிற்பதும், எதிரணிக் கீப்பர் திரும்பித் திரும்பித் தலையாட்டுவதும் தெரிந்தது. விஷயம் புரிந்துவிட்டது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மடிந்து மடிந்து சிரித்தான். சிரித்துக்கொண்டிருந்தபோதே ஒரு பந்து மேல் மூலைக்கு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பந்து அவன் கைகளில் இருந்தது. வாயில் சிரிப்பும் அப்படியே இருந்தது.

இடைவேளையில் இருபுறமும் கோல் இல்லை. பக்கங்கள் மாற வேண்டும். லமீஸ் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தான். சிலம்பரசன் அங்கிருந்து இங்கே வந்தான். வழியில் ஆரிப்பைப் பார்த்து, “அங்கிள், நீங்களும் அந்தப் பக்கம்தானே வர்றீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஆரிப் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தான். இந்த வயதில் அவனுக்கு உடம்பு கனத்துவிட்டது. நடை மெதுவாகத்தான் வரும். தூங்குமூஞ்சி மரத்தடியில் பெரியவர்கள் யாரோ பெத்தாங்க் ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே வந்ததும் நின்றான். ஒருவர் குண்டை வீசி, அது மண்ணில் உருண்டு நிற்கும்வரை பார்த்தான்.

நடுவர் பந்தை மையத்தில் வைத்துவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு கீப்பர்களையும் பார்த்தார். சிலம்பரசன் தலையாட்டினான். லமீஸ் கையுறை போட்ட வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தினான். கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல.

“இன்னாப்பா, லேஸ் கட்டணுமா?” என்று நடுவர் கத்தினார்.

லமீஸ் கையை இறக்கவில்லை. அவன் கண் மரத்தடியில் இருந்தது. ஆரிப் அங்கிருந்து கிளம்பி, கோடியைச் சுற்றி, சிலம்பரசனின் வலைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்கியபடி லமீஸ் பக்கம் திரும்பினான்.

லமீஸ் கையை இறக்கினான். நடுவர் விசில் ஊதினார்.